பட்டாளத்துக்காரரை மணந்த ஐரிஷ் பாட்டி: அவர் பிறந்த ஊரைத் தேடுவது எப்படி?

குடும்ப மரம் வரையத் தொடங்குகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்பார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் உயரம் எத்தனை, கண் என்ன நிறம், எந்த ஆண்டு குடித்துவிட்டுத் தண்டனை வாங்கினார் என்பது வரை தாள் கிடைத்துவிடும். அவர் மனைவிக்கோ மக்கள்தொகைக் கணக்கில் ஒரே ஒரு வரி: பிரிட்ஜெட், பிறந்த இடம் அயர்லாந்து.

இப்படிப்பட்ட பிரிட்ஜெட்டுகள் ஏராளம். 1830-ல் பிரிட்டிஷ் படையினரில் நூற்றுக்கு 42 பேர் ஐரிஷ்காரர்கள். அது போக இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ரெஜிமெண்ட்டுகளும் முறை வைத்து அயர்லாந்தின் பாரக்ஸ்களில், அதாவது படைக் குடியிருப்புகளில், வந்து தங்கின. ஃபெர்மாய், பட்டிவண்ட், அத்லோன், டெம்பிள்மோர், பர், என்னிஸ்கில்லன், 1855-ல் எழுந்த கர்ரா முகாம், டப்ளினைச் சுற்றிய பாரக்ஸ்கள் என்று எங்கு பார்த்தாலும் பட்டாளம். அந்த ஊர்களில் வீட்டு வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்கள் பட்டாளத்துக்காரர்களை மணந்து அவர்களோடு கிளம்பிப் போனார்கள்.

தேடும்போது எப்போதும் நினைவில் வைக்க வேண்டியது இது: பாட்டியின் தடம் ரெஜிமெண்ட் நின்ற இடங்களில்தான் விழுந்திருக்கும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அயர்லாந்து முழுக்கத் துழாவினால் ஆயிரம் பிரிட்ஜெட்டுகள் வந்து நிற்பார்கள். எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ரெஜிமெண்ட்டை வைத்துச் சுருக்கிவிட்டால் மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள்.

முதலில் பிள்ளைகள்

அயர்லாந்து ஆவணங்களைத் தொடுவதற்கு முன், அந்தத் தம்பதிக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் பட்டியலிடுங்கள். உங்கள் நேர் மூதாதை ஒருவர் மட்டும் போதாது, குழந்தையிலேயே இறந்தவர்களும் வேண்டும். ஒவ்வொருவர் பிறந்த ஊரையும் ஆண்டையும் எழுதினால் அதுவே ரெஜிமெண்ட்டின் வழித்தடம். மூத்த பிள்ளை ஃபெர்மாய், அடுத்தது மால்டா, மூன்றாவது இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் என்றால், திருமணம் ஃபெர்மாயிலோ அதற்கு முந்தைய முகாமிலோ நடந்திருக்கும்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளில் எதை முதலில் வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பிள்ளையாவது 1861-லிருந்து ஸ்காட்லாந்தில் பிறந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண நாளும் இடமும் எழுதப்பட்டிருக்கும். இங்கிலாந்து, அயர்லாந்துப் பதிவுகள் இவ்வளவு தாராளமில்லை. அடுத்து, 1864 ஜனவரி 1-க்குப் பின் அயர்லாந்தில் பிறந்த பிள்ளை. அதில் தாயின் கன்னிப்பெயர், அதாவது திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இருக்கும். இங்கிலாந்துப் பதிவிலும் (1837 ஜூலை முதல்) அது உண்டு. வெளிநாட்டு முகாமில் பிறந்திருந்தால் இங்கிலாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் ரெஜிமெண்ட் பிறப்புப் பதிவேடு (1761 முதல் 1924 வரை), படைக் குருமார் அனுப்பிய பதிவுகள் (1796 முதல் 1880 வரை) என்று இரண்டு வரிசைகள் இருக்கின்றன. இவற்றில் தாயின் முதற்பெயர் கிடைக்கும். கன்னிப்பெயர் எல்லா நேரமும் இருக்காது.

பாட்டி இறந்த இடத்தையும் பாருங்கள். ஸ்காட்லாந்தில் இறந்திருந்தால் அவருடைய தாய் தந்தை பெயர்கள் பதிவில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இறந்திருந்தால் பிறந்த இடமும் இருக்கலாம். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் குடும்பத்தோடு மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனதுண்டு. ஆகவே, இங்கிலாந்தில் காணவில்லை என்பதற்காகத் தேடலை மூடிவிட வேண்டாம்.

கணவரின் தாள்கள்

ரெஜிமெண்ட்டின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். 1881-ல் எண்கள் போய்ப் பெயர்கள் வந்தன. 88-ஆவது ரெஜிமெண்ட்டும் 94-ஆவதும் சேர்ந்து கன்னாட் ரேஞ்சர்ஸ் ஆயின. வீட்டுக் கதையில் “டப்ளின் ஃபியூசிலியர்ஸ்” என்று வந்தால் ஆளே டப்ளின்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். 1881-க்கு முன் அதன் முதல் பட்டாலியன் 102-ஆவது ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். அதற்கும் முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் பட்டாளம்.

அடுத்து, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 97 வரிசை (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆபீஸ், அதாவது போர் அலுவலகம்). இவை படையிலிருந்து விலகியவர்களின் தாள்கள், ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். 1883-க்கு முன் பென்ஷனோடு விலகியவர்களின் தாள்கள்தான் இதில் இருக்கும். பணியில் இறந்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி விலகியவர் இதில் வரமாட்டார்கள். புதிதாகத் தேடுகிறவர்கள் “தாத்தா பட்டாளத்திலேயே இல்லை போலிருக்கிறது” என்று விட்டுவிடுவது இங்கேதான். 1883-க்குப் பிந்தைய தாள்களில் திருமணத்துக்கென்றே தனிக் கட்டம் உண்டு: மனைவி பெயர், கன்னியா விதவையா, எந்த நாள், எந்த ஊர், எந்தக் குருவானவர். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அயர்லாந்திலேயே பென்ஷன் வாங்கியவர்களில் பழைய காலத்தவருக்கு டப்ளின் கில்மெய்ன்ஹாம் மருத்துவமனையின் தாள்கள், அதாவது டபிள்யூ.ஓ. 119.

பென்ஷன் தாள் இல்லாதவர்களுக்கு மஸ்டர் ரோல் கைகொடுக்கும்: காலாண்டுக்கு ஒரு முறை எழுதிய ஆள்கணக்கும் சம்பளக் கணக்கும். டபிள்யூ.ஓ. 12, அதைத் தொடர்ந்து டபிள்யூ.ஓ. 16. பெரும்பகுதியைக் கியூவில் நேரில் போய்த்தான் புரட்ட வேண்டும். ஒவ்வொரு காலாண்டுக் கட்டின் கடைசியிலும், அந்த மூன்று மாதத்தில் இறந்தவர், விலகியவர் பட்டியல் ஒன்று பிறந்த ஊரோடு இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். 1868 வாக்கில் தொடங்கி 1883 வரை பல கட்டுகளில் திருமணமானவர்களின் தனிப் பட்டியலும் உண்டு. மனைவியின் பெயர் அதில் தெரியும்.

தெரியாமலும் போகலாம். காரணம் இதுதான். திருமணத்துக்குக் கமாண்டிங் ஆபீசரின் அனுமதி வேண்டும். நூறு பேருக்கு ஏறக்குறைய 6 மனைவியரே பட்டாளக் கணக்கில் ஏறுவார்கள், இந்தியாவுக்குப் போகும்போது 12. கணக்கில் ஏறியவர்களுக்குத்தான் பாரக்ஸில் இடமும் படியும். மற்றவர்கள் ஊருக்குள் வாடகை அறையில் தங்கித் துணி வெளுத்தும் தைத்தும் பிழைத்தார்கள். கப்பல் ஏறும் நாளில் சீட்டுக் குலுக்குவார்கள். “போகலாம்” என்ற சீட்டு வந்தவர் கணவரோடு ஏறினார், “போகக் கூடாது” என்று வந்தவர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டார். ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்றால் திருமணமே நடக்கவில்லை என்று பொருளல்ல. கணவர் வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் பிறக்காத பெரிய இடைவெளி இருந்தால், பாட்டி கரையில் விடப்பட்டவராக இருக்கலாம். அப்போது அவரைத் தேட வேண்டிய இடம் பெற்றோர் வீட்டுப் பக்கம், இல்லையென்றால் அந்த வட்டாரத்து ஏழையர் விடுதிப் பதிவேடு. ஒரு வகையில் இது நமக்கு நல்ல செய்தி, அவருடைய ஊரை நேரடியாகக் காட்டிக் கொடுக்கும் தடம் இது.

எந்தக் கோயிலில் நடந்தது?

அதிகம் பேர் வழி தவறுவது இங்கேதான்.

அயர்லாந்தில் 1845 ஏப்ரல் 1 முதல் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் அரசுப் பதிவில் ஏறின. கத்தோலிக்கத் திருமணங்களும் எல்லாப் பிறப்பு இறப்புகளும் 1864-லிருந்துதான். இதற்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. டவுன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பான்பிரிட்ஜில் 1829-ல் பிரெஸ்பிட்டீரியன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் குருவானவர் முன் மணந்த ஒருவர், பிறகு இங்கிலாந்தில் வேறொரு பெண்ணை மணந்தார். முதல் திருமணம் செல்லாது என்று 1844-ல் பிரபுக்கள் சபை வரை போய்த் தீர்ப்பானது. வடக்கே அப்படி மணந்திருந்த எண்ணற்ற தம்பதிகள் பதறினார்கள். அதே ஆண்டு வந்த சட்டத்தால் பிறந்ததுதான் நாம் இன்று தேடும் பதிவேடு.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1746 முதல் 1870 வரை, மணமக்களில் ஒருவர் புராட்டஸ்டண்டாக இருந்தால் கத்தோலிக்கச் சாமியார் செய்துவைத்த திருமணம் சட்டப்படி செல்லாது. இங்கிலாந்திலிருந்து வந்த புராட்டஸ்டண்ட் பட்டாளத்துக்காரரை ஐரிஷ் கத்தோலிக்கப் பெண் மணந்தால், செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் கோயிலிலோ, 1845-க்குப் பின் பதிவாளர் அலுவலகத்திலோ மணந்தார்கள். மனைவியாகக் கணக்கில் ஏறச் சான்று காட்ட வேண்டுமே! இன்று அந்தச் சான்றைப் பார்ப்பவர் “பாட்டி புராட்டஸ்டண்ட்” என்று எழுதி வைத்துவிட்டு, அவருடைய ஞானஸ்நானம் கிடக்கும் கத்தோலிக்கப் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திருமணம் நடந்த கோயிலை வைத்துப் பெண்ணின் மதத்தை முடிவு செய்யவே கூடாது. பிள்ளைகளின் ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

காலத்தை வைத்துத் தேடும் இடம் மாறும். 1845-க்குப் பின் அயர்லாந்துத் திருச்சபையில் என்றால், அயர்லாந்து அரசின் ஐரிஷ்ஜீனியாலஜி.ஐஇ தளத்தில் பதிவின் படமே இலவசமாகக் கிடைக்கும். திருமணங்கள் 75 ஆண்டு, பிறப்புகள் 100 ஆண்டு கடந்திருக்க வேண்டும். கணவர் மனைவி இருவரும் கத்தோலிக்கராக இருந்து திருமணம் 1864-க்கு முன் நடந்திருந்தால் அரசுப் பதிவில் எவ்வளவு தேடியும் வராது. பங்குக் கோயிலின் ஏடுதான் (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்). 1845-க்கு முந்தைய அயர்லாந்துத் திருச்சபை என்றால் கொஞ்சம் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக்காப்பகம் வெடித்து எரிந்தபோது அந்தத் திருச்சபையின் ஏடுகளில் பாதிக்கு மேல் சாம்பலாயின. எந்தப் பங்கின் ஏடு பிழைத்தது, எங்கே இருக்கிறது என்று டப்ளினில் உள்ள அத்திருச்சபையின் நூலகம் வண்ணக் குறியிட்ட பட்டியல் வெளியிட்டிருக்கிறது. தேடுவதற்கு முன் அதைப் பாருங்கள், எரிந்துபோன ஏட்டைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை.

ஒரு பதிவைப் பிரித்துப் படிப்போம்

1858-ல் ஃபெர்மாய் திருமணப் பதிவு ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணமகன்: “முழு வயது”, பிரைவேட் (சாதாரணப் படைவீரர்), இருப்பிடம் ஃபெர்மாய் பாரக்ஸ். மணமகள்: “முழு வயது”, கன்னி, தொழிலுக்கு நேரே ஒரு கோடு, இருப்பிடம் ஃபெர்மாய், தந்தை கூலித் தொழிலாளி. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. கீழே இரண்டு சாட்சிகள்.

“முழு வயது” என்றால் 21 அல்லது அதற்கு மேல் என்பது மட்டுமே. 22-ஆகவும் இருக்கலாம், 35-ஆகவும் இருக்கலாம். இதை வைத்துப் பிறந்த ஆண்டைக் குறிக்காதீர்கள். “இருப்பிடம் ஃபெர்மாய்” என்பது அன்று அவர் தங்கியிருந்த இடம், பெரும்பாலும் வேலை பார்த்த வீடு. பிறந்த ஊர் அதுவல்ல. தாயின் பெயருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. எழுதத் தெரியாதவர் தன் குடும்பப் பெயரைச் சரிபார்த்திருக்க முடியாது. குருவானவரின் காதில் விழுந்தபடிதான் அது தாளில் ஏறியிருக்கும். “ஓ”, “மக்” போன்ற முன்னொட்டுகள் ஒரு பதிவில் இருக்கும், அடுத்ததில் காணாமல் போயிருக்கும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

சாட்சிகளில்தான் சாறு இருக்கிறது. ஒருவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் பட்டாளத் தோழர். இன்னொருவர் பெண் வீட்டுக் குடும்பப் பெயரோடு இருந்தால் அக்காவோ தம்பியோ என்று கொண்டு, அவரைத் தனியாகத் தேடத் தொடங்கலாம். பட்டாளத்தோடு போகாமல் அயர்லாந்திலேயே தங்கியவர் அவர். அவருக்குத் திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், 1901, 1911 கணக்கெடுப்பு எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். இந்த இரண்டு கணக்கெடுப்புகளும் அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசம்.

உடன்பிறந்தோர் வழியாக இன்னொரு புதையலும் உண்டு. 1909-ல் முதியோர் பென்ஷன் தொடங்கியபோது 70 வயதைக் காட்டப் பிறப்புச் சான்று யாரிடமும் இல்லை. அதனால் 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் பெயரைத் தேடித்தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். கணக்கெடுப்பு பின்னாளில் எரிந்தது, விண்ணப்பத் தாள்கள் பிழைத்தன. தந்தை பெயர், தாயின் கன்னிப்பெயர், குடும்பம் இருந்த டவுன்லேண்ட் என்ற சிறு நிலப்பிரிவு எல்லாம் அதில் இருக்கும். பாட்டியின் தங்கை ஒருவர் விண்ணப்பித்திருந்தால் பாட்டியின் ஊரும் கிடைத்துவிடும். இவையும் அதே தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில்தான்.

தந்தை பெயரிலிருந்து டவுன்லேண்ட்டுக்கு

டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு. நம் ஊர்க் குக்கிராமம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீடே இல்லாத டவுன்லேண்ட்டும் உண்டு. நாடு முழுக்க 60,000-க்கு மேல். கவுண்டி தெரிவதோடு நிறுத்தினால் தேடல் முடியவில்லை, டவுன்லேண்ட் வரை போக வேண்டும்.

தந்தையின் பெயரை 1847-க்கும் 1864-க்கும் இடையில் நடந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில் (வரிக்காக வீடு, நிலம் வைத்திருந்தவர்களை எழுதிய கணக்கு) தேடுங்கள். படை முகாமைச் சுற்றி 20, 25 கிலோமீட்டருக்குள் அந்தப் பெயர் எந்தெந்தப் பங்கில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்த பெண்கள் பெரும்பாலும் நடந்து வரும் தூரத்திலிருந்துதான் வந்தார்கள். சொந்தப் பெயரில் வீடோ நிலமோ வைத்திருந்தவர்தான் இதில் வருவார். பிறர் வீட்டில் ஒண்டியிருந்த கூலிக்காரரும் 1840-களின் பெரும் பஞ்சத்தில் இறந்தவரும் வரமாட்டார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1837 வரையிலான தசமபாகக் கணக்கு ஏடுகள் (திருச்சபைக்குக் கட்டிய வரியின் கணக்கு).

குறித்த பங்குகளின் கத்தோலிக்க ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இணையத்தில் ஏற்றிவிட்டது, ஏறக்குறைய 1880 வரை, இலவசமாக. அங்கே பெயர் போட்டுத் தேட முடியாது. ஃபைண்ட்மைபாஸ்ட் அல்லது ஆன்செஸ்ட்ரி தளத்தில் பெயர் அட்டவணையைப் பார்த்து, பிறகு நூலகத்தின் படத்துக்கு வந்து உங்கள் கண்ணால் படியுங்கள். மங்கிய மைக்ரோஃபிலிமைப் பார்த்து எழுதிய அட்டவணை என்பதால் பிழை நிறைய. பல ஏடுகள் லத்தீனில் இருக்கும்: பிரிட்ஜெட் “பிரிகிடா”, எலன் “ஹெலெனா”, ஜேம்ஸ் “யாகோபுஸ்”, வில்லியம் “குலியெல்முஸ்”. வீட்டில் அழைத்த பெயர்களும் குழப்பும். பிரிட்ஜெட்டே பிடி, டீலியா, பெடீலியா. ஹனோராவே நோரா, ஹன்னா. மேற்குக் கவுண்டிகளில் பல ஏடுகள் 1820-களுக்குப் பிறகே தொடங்குகின்றன. பாட்டி அதற்கு முன் பிறந்தவர் என்றால் அவரது தம்பி தங்கைகளின் ஞானஸ்நானத்தை வைத்துத்தான் பெற்றோரைப் பிடிக்க வேண்டும்.

பெயரிடும் வழக்கமும் துணைக்கு வரும். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தந்தை பெயர், முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாவது மகளுக்குத் தந்தையின் தாய் பெயர். தாத்தா பெயரைச் சுமப்பதால்தான் “பேரன்” என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. பாட்டியின் மூத்த மகள் ஹனோரா என்றால், பாட்டியின் தாய் ஹனோராவாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இது வழக்கம், விதியல்ல. சான்றாக எழுதாதீர்கள், தேடும் திசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணம் மதராஸ் மாகாணத்தில் நடந்திருந்தால்

பரங்கிமலை, திருச்சி, பெங்களூர், பெல்லாரி, கண்ணூர், வெலிங்டன் முகாம்களில் மணந்த ஐரிஷ் பெண்களின் வழித்தோன்றல்கள் சென்னையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தொடங்க வேண்டிய இடம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை: மதராஸ் மாகாணக் கோயில்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். 1698-லிருந்து உண்டு, படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கமான ஃபிபிஸின் தரவுத்தளம் இலவசம். என்/2 என்பது லண்டனுக்கு அனுப்பிய நகல், மூல ஏடு கோயிலிலேயே தங்கியது. நகலில் எழுத்துப் பிழை என்று சந்தேகம் வந்தால் மூல ஏட்டைப் பார்க்க முயல வேண்டும். கத்தோலிக்கப் பதிவுகள் என்/2-இல் தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் வந்து சேர்ந்தன. இல்லையென்றால் அந்தந்தப் பங்குக் கோயிலில் பணிவாக எழுதிக் கேட்பதுதான் வழி.

கணவர் ராணியின் படையா, கம்பெனியின் படையா என்பதையும் பிரித்தறிய வேண்டும். கம்பெனியின் ஐரோப்பியப் பட்டாளத்துக்காரரின் தாள் கியூவில் இருக்காது, பிரிட்டிஷ் நூலகத்தின் எல்/மில் வரிசைகளில் இருக்கும். மதராஸுக்கு எல்/மில்/11.

இங்கே பெரிய பொறி “விதவை” என்ற ஒரு சொல். கணவர் காலராவில் போனால் பட்டாளம் தரும் படி சில மாதங்களில் நின்றுவிடும். கையில் குழந்தையோடு இருந்த பெண் சில வாரங்களிலேயே அதே ரெஜிமெண்ட்டில் இன்னொருவரை மணப்பது வாடிக்கை. இரண்டாம் திருமணப் பதிவில் இருக்கும் குடும்பப் பெயர் செத்துப்போன கணவருடையது. அதை அவர் பிறந்த வீட்டுப் பெயராக நினைத்து அயர்லாந்தில் தேடினால் எந்த ஏட்டிலும் வராது, வந்தாலும் வேறு யாராவதாகத்தான் இருக்கும். “விதவை” என்று கண்டதும் அந்தப் பெயரில் அதே ரெஜிமெண்ட்டில் இறந்தவரின் அடக்கப் பதிவைத் தேடுங்கள். அதிலிருந்து பின்னால் போனால் முதல் திருமணம் கிடைக்கும். மூன்றாம் கணவர் வரை நீண்ட சங்கிலிகளும் உண்டு.

இரண்டு பிரிட்ஜெட் வந்து நின்றால்

கடைசியில் ஒரே வட்டாரத்தில், ஒரே தந்தை பெயரோடு, இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்தில் இரண்டு பிரிட்ஜெட் கிடைப்பது சாதாரணம். பிடித்த ஒருவரை எடுத்துக்கொண்டு மரத்தில் ஒட்டிவிடாதீர்கள். அயர்லாந்து ஆட்களின் வயது ஆவணத்துக்கு ஆவணம் ஐந்து பத்து ஆண்டு நழுவும், ஆகவே வயதை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. மரபணுச் சோதனை செய்திருந்தால், பாட்டியின் உடன்பிறந்தார் வழியினரோடு பொருத்தம் வருகிறதா பாருங்கள். ஐந்து தலைமுறைக்கு மேல் போனால் பொருத்தம் காட்டாமல் போவதும் சகஜம், அதனால் பொருத்தம் இல்லை என்பதை மறுப்பாகக் கொள்ள முடியாது. தாள் வழியில் செய்யக்கூடியது ஒன்றுதான்: இருவரையும் தனித்தனியே முன்னோக்கித் தொடருங்கள். ஒருவர் அதே ஊரில் வேறொருவரை மணந்து பிள்ளை பெற்றிருந்தால், அல்லது சிறுவயதில் இறந்திருந்தால், அவரைக் கழித்துவிடலாம். ஊர் ஏட்டில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு எந்தத் தடமும் இல்லாதவர், ரெஜிமெண்ட் ஊரை விட்டுக் கிளம்பிய ஆண்டுக்குப் பின் அந்தப் பங்கில் ஞானத்தாயாகவோ சாட்சியாகவோ கூடத் தென்படாதவர் யாரோ, அவரை மரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.